சமூகப்பணிப் பட்டம் கட்டுப்படியாகுமா? மலையக மாணவருக்கான வரவு செலவுக் கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு 'சமூகப்பணி படிக்கப் போகிறேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது 'எவ்வளவு கட்ட வேண்டும்?' என்பதைத்தான். அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் கணக்கு பிழைத்துவிடும். பாடநெறிக் கட்டணம் மொத்தச் செலவில் சிறிய பங்கு. நான்கு வருடம் சம்பளமின்றி இருப்பதிலும், வெளியூரில் தங்கிச் சாப்பிடுவதிலும், களப்பயிற்சிக்குப் போய்வருவதிலும், பட்டம் முடிந்தபின் நியமனத்துக்குக் காத்திருப்பதிலும்தான் பணம் கரைகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய மாவட்டங்களின் தோட்டப்புறப் பிள்ளைகளை மனதில் வைத்து அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகப் போடுகிறோம்.

முதல் படி: எந்தத் தகைமை?

சமூகப்பணியும் சமூகவியலும் வெவ்வேறு படிப்புகள். சமூகவியல் சமூகத்தை ஆராயக் கற்றுத்தரும். சமூகப்பணி, ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்களின் பிரச்சினையைப் பதிவுசெய்து, வழிப்படுத்தி, உரிய திணைக்களத்தோடு இணைத்து, முடிவுவரை பின்தொடரப் பழக்கும். அதனால்தான் சமூகப்பணியில் களப்பயிற்சி பாதி உயிர்.

இலங்கையில் இந்தப் படிப்புக்குப் பழைய வீடு தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952 இல் தொடங்கிய சமூகப்பணிப் பயிற்சியின் தொடர்ச்சி அது. 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய வடிவம் பெற்றது. இருப்பது சீதுவையில். அங்கே இரண்டு வருட டிப்ளோமாவை மூன்று மொழிகளிலும் படிக்கலாம். நான்கு வருடப் பட்டம் ஆங்கில மொழிமூலம். கண்டியில் சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற பெயரில் தோட்ட மக்களுக்காக இயங்கும் ஓர் அரசசார்பற்ற நிறுவனமும் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் விண்ணப்பத்தை மாற்றி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு வழி, அரச பல்கலைக்கழகத்தில் சமூகவியல். இசட் புள்ளி போதுமென்றால் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கலைப்பீடத்தில் தமிழில் படிக்கலாம். கட்டணம் இல்லை. வேலைகொடுப்போர் பலர் சமூகவியல், உளவியல், சமூகப்பணி மூன்றையும் ஒரே வரியில் எழுதியே ஆள் தேடுகிறார்கள். ஆகவே இலவச இடம் கையில் கிடைத்தவர், 'பெயரிலேயே சமூகப்பணி இருக்க வேண்டும்' என்பதற்காக அதை விட்டுவிடுவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். வெளிநாட்டில் சமூகப்பணியாளராகப் பதிவுபெறும் எண்ணம் இருந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தனியார் நிறுவனம் என்றால் இரண்டு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, பட்டத்தை வழங்குவது யார். அந்த நிறுவனம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா. மற்றது, இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம். டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, மூன்று வருடப் பட்டம் 5, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6. விளம்பரத்தில் 'சர்வதேசத் தரம்' என்று மட்டும் போட்டு மட்டத்தைச் சொல்லாத பாடநெறிக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்தரத்தைத் தமிழில் முடித்து நேராக ஆங்கில மொழிமூலப் பட்டத்தில் சேர்வோருக்கு முதல் வருடம் கடினம். ஒரு பாடம் தவறினால் மறுபரீட்சைக் கட்டணம். ஓர் அரையாண்டு தள்ளிப்போனால் ஆறு மாதச் சாப்பாடும் போர்டிங்கும். அந்த நட்டத்தோடு ஒப்பிட்டால், பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் மாதங்களில் ஆங்கில வகுப்புக்குச் செலவிடுவது சிறிய தொகை.

இரண்டாம் படி: இரண்டு தொகைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

பெரும்பாலான வீடுகள் குழம்பும் இடம் இதுதான். ஒன்று, படிப்பு முடியும்வரை மாதாமாதம் கையில் இருக்க வேண்டிய காசு. மற்றது, படிப்பின் உண்மைச் செலவு. படிப்பு பாதியில் நிற்குமா என்பதை முதலாவது தீர்மானிக்கும். படித்தது கட்டுப்படியானதா என்பதை இரண்டாவது சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் பயம்தான் மிஞ்சும்.

கையில் தேவைப்படும் காசை முதலில் பார்ப்போம். கீழுள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்ட மட்டுமே. நீங்கள் போகும் ஊரில் விசாரித்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

- பகிர்ந்துகொள்ளும் போர்டிங் அறை: 10,000
- சாப்பாடு: 18,000
- உள்ளூர் பஸ்: 3,000
- மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வர: 3,000
- போன், டேட்டா, போட்டோகொப்பி: 3,000

மாதத்துக்கு மொத்தம் 37,000 ரூபாய். வருடத்தில் இரண்டு மாதம் விடுமுறைக்கு வீட்டில் இருப்பதாக வைத்தால், நான்கு வருடத்துக்கு 40 மாதம், 1,480,000 ரூபாய். போர்டிங்காரர் கேட்கும் முற்பணத்தை இதோடு சேருங்கள். மூன்று மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்பதுண்டு. முதல் மாதத்திலேயே பட்ஜெட்டை உடைப்பது அதுதான்.

களப்பயிற்சியைத் தனி வரியாக எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிறுவனத்துக்கோ கிராமத்துக்கோ போக வேண்டியிருந்து, ஒரு நாளுக்கு 400 ரூபாய் செலவானால், மாதம் 3,200. அப்படி 20 மாதம் என்றால் 64,000. பிறகு சில வாரங்கள் தொடர்ச்சியாக ஓரிடத்தில் தங்கிச் செய்யும் பயிற்சி வரும். அந்த நாட்களில் போர்டிங் வாடகையையும் கட்ட வேண்டும், தங்குமிடத்துக்கும் கொடுக்க வேண்டும். மலையகப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி: அந்தப் பயிற்சியை உங்கள் மாவட்டத்துப் பிரதேச செயலகத்திலோ தோட்டப்புறத்தில் இயங்கும் நிறுவனத்திலோ செய்ய அனுமதி கேட்கலாம். கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். பிற்காலத்தில் வேலை தரக்கூடியவர்களும் உங்களை அறிந்துகொள்வார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் இடம் ஒதுக்கி முடிந்திருக்கும். பயிற்சி தொடங்குவதற்கு ஓர் அரையாண்டு முன்பே கேளுங்கள்.

அடுத்தது உண்மைச் செலவு. இதில் பெரிய பங்கு, படிக்கும் காலத்தில் உழைக்காமல் விட்ட சம்பளம். உயர்தரத்தோடு கொழும்பில் கடையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்திருந்தால், 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதன்மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். ஆக மாதம் 34,500. நான்கு வருடத்துக்கு 1,656,000, அதாவது பதினாறரை லட்சம். கொழும்பில் வேலைசெய்தாலும் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் இதே அளவு போயிருக்கும். ஆகவே உண்மைச் செலவில் அந்த 1,480,000 ஐ மறுபடி கூட்டக்கூடாது. கட்டணங்கள் எல்லாமாக 180,000 என்று வைத்தால், 1,656,000, 64,000, 180,000 மூன்றும் சேர்ந்து 1,900,000.

வீட்டிலிருந்தபடி தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்வதுதான் மாற்று வழி என்றால் கணக்கு மாறும். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாய் என்றும், வருகைக்கு அரசு 200 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. மாதத்துக்கு 20 பேர், அதாவது 20 முழுநாள் வேலை, விழுந்தால் 35,000. மழை, நோய், அரைப்பேர் எல்லாவற்றையும் கழித்து, உங்கள் வீட்டின் சம்பளச் சீட்டுகளை ஆறு மாதத்துக்கு எடுத்துச் சராசரி பாருங்கள். இந்த வழியில், வெளியூரில் வாழ்வதற்கு வீட்டுச் சாப்பாட்டை விட எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்ற வித்தியாசத்தையும் உண்மைச் செலவில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: காசு எங்கிருந்து?

அரச பல்கலைக்கழகத்துக்குப் போவோருக்கு மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவித்தொகை உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. மேலே போட்ட 37,000 இல் ஐந்தில் ஒரு பங்குதான் அது. 'மகாபொல கிடைக்கும், சமாளிக்கலாம்' என்று மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். முதல் கொடுப்பனவு தாமதமாகவும் வரலாம். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, இந்திய உயர் ஸ்தானிகராலயத்தோடு இணைந்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் இருக்கிறது. தொகை பெரிதல்ல, ஆனால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு. பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான அத்தாட்சியைத் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். தோட்டப்புறத்தில் அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் இன்னொருவிதமாகவும் இருப்பது சாதாரணம். அதைத் திருத்தும் அலைச்சலில் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடும்.

அரசசாரா உயர்கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கு 2017 முதல் அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறிகளுக்கு மட்டுமே அது செல்லும். உங்கள் பாடநெறியின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தால்தான் எண்ணுங்கள்.

அப்பாவினதோ அம்மாவினதோ சேமலாப நிதியை நம்பித் திட்டமிடும் வீடுகள் பல. வேலையில் இருக்கும்போது எடுக்கக்கூடிய 30 வீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டுமே, படிப்புக்குக் கிடையாது. முழுத்தொகை பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும். அந்த வருடம் உங்கள் படிப்புக் காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தாலும் முழுவதையும் இதில் போட வேண்டாம். அது அவர்களின் முதுமைக்கான காசு.

நுண்நிதிக் கடன் வாங்கிப் படிக்கவே வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தக் கடனின் தவணை அடுத்த வாரமே தொடங்கும். இந்தப் படிப்பின் முதல் சம்பளம் ஐந்து வருடம் கழித்து வரும். இடையில் கட்டப்போவது அம்மா. நகை அடகும் வட்டி ஏறி மீட்க முடியாமல் போகும் வழிதான். ஆனால் ஒரே தவணைக்கு, மீட்கும் திகதியும் வழியும் தெரிந்த நிலையில் வைப்பதானால், அது வாராந்தக் கடனை விடப் பாதுகாப்பு.

நான்காம் படி: எந்தக் கதவு, எவ்வளவு சம்பளம்?

அரச சேவையில் பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர், பெண்கள் தொடர்பான உத்தியோகத்தர் பதவிகள், மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, அரச வைத்தியசாலைகளின் உளமருத்துவச் சமூகப்பணியாளர் பதவி என்று இடங்கள் உண்டு. 2025 இன் சம்பளத் திருத்தப்படி, அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகிறது. அது மூன்று கட்டமாக 2027 ஜனவரியில் முழுமையாகும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800. பட்டதாரித் தரப் பதவிகளின் அடிப்படைச் சம்பளம் இந்த அடிமட்டத்தை விட மேலே தொடங்கும். நிலையான வருமானம்தான், ஆனால் கதவு எப்போது திறக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. வர்த்தமானி வர வேண்டும், போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். 2020 இல் பட்டதாரிப் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டோருக்கு முதல் வருடம் 20,000 ரூபாய் கொடுப்பனவே கிடைத்தது. ஆகவே அரச வேலையைக் கணக்கில் எழுதும்போது, முன்னால் ஒரு வருடக் காத்திருப்பையும் ஒரு வருடப் பயிலுனர் கொடுப்பனவையும் எழுதுங்கள். வர்த்தமானியில் வயது எல்லையையும் பாருங்கள்.

தமிழ் பேசும் உத்தியோகத்தர் மலையகத்தின் பல அலுவலகங்களில் போதாது. அதனால் தமிழோடு சிங்களத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கு நேர்முகத்தில் மதிப்பு அதிகம். பேசத் தெரிந்தால் போதாது. பொலிஸ் முறைப்பாடு, நீதிமன்ற அறிக்கை, வைத்தியசாலைக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கைக்கு வரும். அரச கரும மொழிகள் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையைப் பட்டப்படிப்புக் காலத்திலேயே எழுதிவிட்டால், நியமனத்துக்குப் பின் அதற்காகச் சம்பள உயர்ச்சி நிற்கும் நிலை வராது.

ஆசிரியர் நியமனம் எப்படியும் கிடைக்கும் என்று எண்ணிப் பட்டம் எடுப்போர் மலையகத்தில் நிறைய. சமூகப்பணி பாடசாலைப் பாடமல்ல. வெற்றிடங்கள் பாடவாரியாக அறிவிக்கப்படும்போது, தமிழோ புவியியலோ படித்தவருக்குத் திறக்கும் வழி உங்களுக்குக் குறுகிவிடும். ஆசிரியத் தொழில்தான் உள்ளூர ஆசை என்றால் பாடத்தை இப்போதே மாற்றுங்கள்.

தோட்டப்புறத்தில், மக்கள் 'ட்ரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வேலைத்திட்டங்களும், தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர் பதவிகளும் உண்டு. பலவற்றுக்குப் பட்டம் தேவையில்லை; டிப்ளோமா போதும். அங்கேயே இருக்க விரும்புவோருக்கு நான்கு வருடப் பட்டத்தின் செலவு சம்பளத்தில் திரும்பி வராமல் போகலாம்.

அரசசார்பற்ற நிறுவனங்கள் தொடக்கத்தில் அரசை விடக் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. ஆனால் அந்த வேலை திட்டத்தின் ஆயுள் வரைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் மலையகத்தைத் தாக்கியபோது உளசமூகப் பணிக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பேரிடரை ஒட்டி வரும் இத்தகைய பணிகள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தோடு முடிபவை. அனுபவத்துக்கு மிக நல்லவை. வீட்டுக்கடன் எடுக்க நம்பக்கூடியவை அல்ல.

சம்பளக் கடிதத்தில் தொகைக்கு அடுத்து பயணச்செலவு வரியைப் பாருங்கள். தோட்டத்து வேலையில் சம்பளத்தை அரிப்பது அதுதான். பகலில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, தாய்மார் மலையிலிருந்து இறங்கி வர மாலை ஐந்து மணியாகும். பிள்ளை பாடசாலைக்குப் போகாததைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், அடுப்பு மூட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவார்கள். எழும்பும்போது இருட்டு. தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு பஸ் இருக்காது; ஆட்டோக்காரர் மழையில் அந்தப் பாதைக்கு 1,200 ரூபாய் கேட்பார். வாரத்துக்கு மூன்று தடவை என்றால் மாதம் 14,400. நிறுவனம் பஸ் கட்டணம் மட்டும் தருவதாக இருந்தால், 70,000 ரூபாய் சம்பளம் உங்கள் கைக்கு 55,600 ஆகத்தான் வந்து சேரும். இரவுப் பயணத்துக்கு வாகனம் உண்டா என்பதை நேர்முகத்திலேயே கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

கடிதத்தில் சேமலாப நிதி, விபத்துக் காப்புறுதி, ஒப்பந்த முடிவுத் திகதி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். 'ஆலோசகர்' என்ற பெயரில் எடுத்தால் சேமலாப நிதி கிடைக்காது. ஆகவே கடிதத்தில் தொகை ஒன்றாக இருந்தாலும், நிரந்தர ஊழியருக்குக் கிடைப்பதை விட அது குறைவு. ஐந்து வருடம் ஒரே இடத்தில் தொடர்ந்தால் பணிக்கொடை உரிமை உண்டு. ஒப்பந்தத்தை இடையில் முறித்து முறித்துப் புதுப்பித்தால் அந்த ஐந்து வருடத்தை நிறுவுவது சிக்கலாகும்.

வெளிநாடு என்பவர்களுக்கு: அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகள் சமூகப்பணிக்கென்று தனிப் பட்டத்தையும் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சியையும் கேட்கின்றன. அவுஸ்திரேலியத் தரம் சுமார் 1,000 மணி நேரம். எத்தனை மணி நேரம், எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்ற குறிப்பேட்டை ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் கையொப்பம், முத்திரையோடு வாங்கி வையுங்கள். மேற்பார்வையாளர் இடமாற்றமாகிப் போனபின் தேடி அலைவது பெரும்பாடு. சமூகவியல் பட்டம் இந்தக் கதவைத் திறக்காது.

ஐந்தாம் படி: எத்தனை வருடத்தில் திரும்பும்?

உண்மைச் செலவு 1,900,000. பட்டம் முடித்து ஒரு வருடம் வேலையில்லாமல் காத்திருந்தால் இன்னும் 414,000, மொத்தம் 2,314,000. பட்டத்தோடு கிடைக்கும் சம்பளம் 80,000 என்று வைப்போம். அதை 30,000 ஓடு ஒப்பிடாதீர்கள். படிக்காமல் வேலைக்குப் போனவரும் ஐந்து வருடத்தில் உயர்ந்திருப்பார். அவருக்கு 45,000 என்று வைத்தால் மாத வித்தியாசம் 35,000. 2,314,000 ஐ 35,000 ஆல் வகுத்தால் 66 மாதம், ஐந்தரை வருடம். காத்திருப்பு இல்லையென்றால் நாலரை வருடம்.

திட்ட வேலையில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தால், 80,000 சராசரியாக 66,667 ஆக இறங்கும். வித்தியாசம் 21,667. அப்போது 107 மாதம், கிட்டத்தட்ட ஒன்பது வருடம். ஆரம்பச் சம்பளத்தின் பெருமையை விட வேலை இடைவிடாமல் ஓடுவதுதான் இந்தக் கணக்கை நிறுத்திப் பிடிக்கிறது.

டிப்ளோமா வழியில் விட்ட சம்பளம் பாதி: 828,000. கையில் 20 மாதக் காசு போதும். டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்து, அனுபவத்தோடு பட்டத்தை முடிக்கும் பாதை, வீட்டில் வேறு வருமானம் இல்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லும் பாதை. வருடங்கள் கூடும், கடன் ஏறாது. பட்டத்துக்குப் போகும்போது டிப்ளோமாவின் எத்தனை பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் சில வாரங்கள் உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள முதியோர் இல்லத்திலோ சிறுவர் நிலையத்திலோ தொண்டராக நின்று பாருங்கள். வேலையின் பெரும்பகுதி படிவம் நிரப்புவதும், திணைக்களங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருப்பதும், அதே வீட்டுக்கு நாலாம் தடவை போவதும்தான். அது தாங்கும் என்றால் சேருங்கள்.

சேர்ந்தபின் முதல் வருட முடிவில் கணக்கை மறுபடி போடுங்கள். கையில் தேவைப்படும் காசு எதிர்பார்த்ததை விட எவ்வளவு கூடியது, எத்தனை பாடம் மிச்சம், மொழி பிடிபட்டதா என்று பாருங்கள். தொடர முடியாத நிலை வந்தால், சொல்லாமல் நின்றுவிடாமல் பதிவாளரிடம் எழுத்தில் ஒரு வருட ஒத்திவைப்புக் கேளுங்கள். அதுவரை சித்தியடைந்த பாடங்களின் பெறுபேற்று அறிக்கையையும் கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டே போர்டிங்கைக் காலி செய்யுங்கள்.